உபால்தோவின் மத்தியான மாத்திரை

மருந்துக்கடையை விட்டு வெளியே காலெடுத்து வைத்த எர்மெலிந்தா, அதே வேகத்தில் திரும்பி உள்ளே வந்தாள். கையில் இருந்த நீல டப்பாவை மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தாள்.

"இதென்ன டாக்டரம்மா, யாரோட மாத்திரையை என் தலையில கட்டப் பாக்குறீங்க? மஞ்சளா ஒண்ணு கிடக்கு. என்னோட வெள்ளை மாத்திரை எங்க?"

நீவெஸ் குனிந்து பார்த்தாள். டப்பாவைத் திருப்பி, மேலே ஒட்டியிருந்த பெயரை இரண்டு முறை படித்தாள்.

இத்தாலியின் மலையூரான ரொக்காவேனாவில் மருந்துக்கடை என்றால் அது ஒன்றுதான். அதை நடத்தும் நீவெஸ், மருந்து படித்தவள் என்பதால் ஊருக்கு 'டாக்டரம்மா'; ஆனால் அந்த ஊர்க்காரி இல்லை. வடக்கே, குளிர்காலம் முழுக்க மூடுபனி விலகாத சமவெளிப் பக்கத்திலிருந்து வந்தவள். மலை உச்சியில் வாழும் இந்த ஜனங்களுக்கு வாயும் கையும் ஓயாது. அவளோ கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுவாள். "அந்தம்மா சிரிக்கணும்னா அதுக்கும் டாக்டர் சீட்டு எழுதித் தரணும்" என்று காப்பிக் கடையில் பேசிக்கொள்வார்கள். அது அவள் காதுக்கும் வந்திருந்தது. வேலையில் குறை சொல்ல முடியாதபடி நடந்துகொண்டால் போதும், சிரிப்பைப் பற்றி ஊர் என்ன பேசினால் என்ன என்று விட்டிருந்தாள்.

கண் சரியாகத் தெரியாத வயசாளிகளுக்கு ஒரு வாரத்து மாத்திரையை டப்பாவில் பிரித்துப் போட்டுக் கொடுக்கும் வழக்கத்தை அவள்தான் அந்த ஊரில் தொடங்கினாள். காலை, மதியம், இரவு என்று அறை அறையாகப் பிரித்த நீல டப்பா. வாங்கிப்போகிறவர்கள் உள்ளே இருப்பது என்ன என்று பார்க்க வேண்டியதில்லை. மூடியைத் திறந்து கையில் கொட்டி வாயில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

முந்தின நாள் சாயங்காலம் இரண்டு டப்பாக்களை அடுத்தடுத்து நிரப்பினாள். ஒன்று, அழகுநிலையம் வைத்திருக்கும் எர்மெலிந்தாவுடையது. அவளுக்குச் சர்க்கரை வியாதி. மற்றது டிரைவர் உபால்தோவுடையது. அவருக்குக் கொஞ்சம் ரத்தக்கொதிப்பு, அதைத் தவிர ஒன்றுமில்லை. நிரப்பி முடித்துப் பெயர்ச்சீட்டு ஒட்டுகிற நேரத்தில் மருந்து வண்டிக்காரன் வந்து பெட்டிகளை இறக்கினான். அவனோடு பேசிக்கொண்டே ஒட்டினாள். சீட்டு மாறிப்போயிருக்கிறது.

உபால்தோ தன் டப்பாவைச் சற்றுமுன்தான் வாங்கிக்கொண்டு போயிருந்தார். அங்கோனாவில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஒரு வாரம் போகிறேன், ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, பெட்டியை இழுத்துக்கொண்டு கிளம்பினார். காலை மாத்திரையைப் பழைய டப்பாவிலிருந்து போட்டாயிற்று, இனி மத்தியானம்தான் என்றும் சொன்னார்.

"அக்கா, உங்க டப்பா உபால்தோகிட்ட போயிடுச்சு" என்றாள் நீவெஸ். 

"ஐயோ! அந்த மனுஷன் என் மாத்திரையைப் போட்டா என்ன ஆகும்?"

"அவருக்குச் சர்க்கரை கிடையாது. இதைப் போட்டா ரத்தத்துல இருக்குற சர்க்கரை தடதடன்னு இறங்கிடும். அவர் சாப்பிடுறதே குருவி சாப்பாடு. ரயில்ல தனியா உக்காந்திருப்பாரு... தூங்குறாருன்னு நினைச்சு யாரும் எழுப்பமாட்டாங்க."

சொல்லிக்கொண்டே போனில் அவர் எண்ணை அழுத்தினாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. உபால்தோ போனை அணைத்துப் பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே வைத்திருப்பார் என்பது ஊருக்கே தெரியும். திறந்து வைத்தால் தேய்ந்துவிடும் என்பது அவர் எண்ணம். மகள் லுச்சில்லாவின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கீழே ரயில் நிலையத்தில் சொல்லலாம் என்றால் அங்கே ஆள் கிடையாது. டிக்கெட் கொடுக்கும் எந்திரம் ஒன்று நிற்கும், அவ்வளவுதான்.

"இன்னும் ஏன் நிக்கிறீங்க? ஓடுங்க! கடையை நான் பாத்துக்குறேன்" என்றாள் எர்மெலிந்தா.

நீவெஸ் வெள்ளைக் கோட்டோடு தெருவில் இறங்கி ஓடினாள். அவள் ஓடி அந்த ஊர் பார்த்ததில்லை. காப்பிக் கடை வாசலில் நின்றவர்கள் கோப்பையைக் கையில் பிடித்தபடியே திரும்பினார்கள்.

ஊர் உச்சியில், ரயில் நிலையம் அடிவாரத்தில். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒலிவத் தோப்புச் சரிவு. முன்பெல்லாம் சந்தைத் திடலிலிருந்து நிலையத்துக்கு ஒரு சின்ன பஸ் வளைந்து வளைந்து இறங்கும். வாலிபத்திலிருந்து ஓய்வு பெறும்வரை அதை ஓட்டியவர் உபால்தோதான். பிறகு நகராட்சி சரிவில் தண்டவாளம் போட்டு லிஃப்ட் வைத்தது. நேராக மேலும் கீழும் போகிற லிஃப்ட் இல்லை; கண்ணாடி அறை ஒன்று மலைச் சரிவோடு சாய்வாக வழுக்கிக்கொண்டு இறங்கும், ஏறும். அது வந்த மாதமே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். உபால்தோ பல வருஷம் அதில் காலே வைக்கவில்லை. முழங்கால் இரண்டும் மக்கர் செய்த பிறகு வேறு வழியில்லாமல் ஏறினார். ஒவ்வொரு முறையும் வைதுகொண்டேதான் ஏறுவார்.

நீவெஸ் மதில்சுவர் ஓரத்துக்கு வந்து சேர்ந்தபோது, லிஃப்டின் மேல்வாசலில் கூட்டம் நின்றிருந்தது. எல்லோரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நகராட்சிக் காவலன் தொனாத்தோ இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வழியை மறித்து நின்றான்.

"யாரும் பதறாதீங்க, யாரும் பதறாதீங்க" என்று பதறிக்கொண்டிருந்தவன், வெள்ளைக் கோட்டைக் கண்டதும், "டாக்டரம்மா, அதுக்குள்ள உங்களுக்கு யாரு சொன்னது? யாருக்கும் மயக்கம் கியக்கம் ஒண்ணுமில்ல. வழியில நின்னுபோச்சு, அவ்ளோதான்" என்றான்.

"உள்ள யாரு?"

"நம்ம டிரைவரும், ஒல்லாந்துக்காரப் புருஷன் பொண்டாட்டியும். ஊர் சுத்திப் பாக்க வந்தவங்க."

நீவெஸ் எட்டிப் பார்த்தாள். சரிவின் பாதியில், ஒலிவ மரங்களுக்கு நடுவே, கண்ணாடி அறை அசையாமல் நின்றது. அதற்கும் கீழே, அடிவாரத்தில், அங்கோனா ரயில் வந்து நின்றது. கதவுகள் திறந்தன, மூடின. யாரையும் ஏற்றிக்கொள்ளாமல் ரயில் கிளம்பிப் பள்ளத்தாக்கில் போய் மறைந்தது.

"போச்சு, டிரைவர் ரயிலை விட்டுட்டாரு" என்று ஒருவர் உச்சுக்கொட்டினார்.

"அப்பாடா! கடவுளே, உனக்குக் கோடி நன்றி!" என்றாள் நீவெஸ், வாய்விட்டு.

பக்கத்தில் நின்றவர்கள் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

ஆனால் அந்த நிம்மதி மூச்சு விடுகிற நேரம்கூட நிலைக்கவில்லை. ரயிலில் இருந்தாலும் லிஃப்டில் இருந்தாலும், கோயில் மணி பன்னிரண்டு அடித்தால் உபால்தோ மாத்திரையைப் போட்டுக்கொள்வார். வேளை தவறாத மனுஷன். கோயில் மணியை நம்பித்தான் பஸ் ஓட்டினேன், என் பஸ்ஸை நம்பித்தான் ஊர் நடந்தது என்று பெருமை அடிப்பவர். மணிக்கூண்டைப் பார்த்தாள். பெரிய முள் உச்சிக்கு மிக அருகில் இருந்தது.

"தொனாத்தோ, உள்ள இருக்குறவங்களோட பேசணும். உடனே."

"அதுக்குத்தான் பொத்தானை அமுக்கி அமுக்கி விரலே வீங்கிடுச்சு" என்று சுவரில் இருந்த பேசும் பெட்டியைக் காட்டினான். "எங்கேயோ தூரத்து ஊர்ல ஒரு பொண்ணு எடுக்குது. ஆளு கிளம்பியாச்சு, பொறுமையா இருங்கன்னு சொல்லிட்டுப் பாட்டு போட்டு விட்டுடுது."

நீவெஸ் பொத்தானை அமுக்கினாள். பாட்டு வந்தது. பிறகு ஒரு பெண் குரல்.

"உங்கள் பொறுமைக்கு நன்றி."

"அம்மா, நான் மருந்துக்கடையிலேருந்து பேசுறேன். லிஃப்டுக்குள்ள இருக்குற பெரியவர்கிட்ட மாத்திரை சாப்பிட வேணாம்னு சொல்லணும். உள்ள இணைப்பு கொடுங்க."

"பராமரிப்பு ஊழியர் வந்துகொண்டிருக்கிறார். உங்கள் பொறுமைக்கு..."

மறுபடி பாட்டு.

தண்டவாளத்தை ஒட்டி, பழுது பார்க்கிறவர்கள் இறங்குவதற்கென்று ஒரு படிக்கட்டு உண்டு. அதன் தலைப்பில் இரும்புக் கதவு, கதவில் பூட்டு.

"சாவி?"

"அந்த வர்ற ஆள்கிட்டதான் இருக்கு. டாக்டரம்மா, அங்க போகக் கூடாது. சட்டப்படி... டாக்டரம்மா! அம்மா! இறங்குங்க!"

நீவெஸ் அதற்குள் கதவின் குறுக்குக் கம்பியில் கால் வைத்து ஏறியிருந்தாள். கோட்டின் பின்பக்கம் கம்பியில் மாட்டிக்கொண்டது. இழுத்தாள், பட்டென்று கிழிந்தது. அந்தப் பக்கம் குதித்தாள்.

"நான் எதையும் பாக்கல" என்று தொனாத்தோ திரும்பி நின்றுகொண்டான். பிறகு மனம் கேளாமல் மறுபடி திரும்பி, "படி வழுக்கும், பக்கத்துக் கம்பியைப் பிடிச்சுக்குங்க!" என்று கத்தினான்.

ராத்திரி மழையில் படிகள் நனைந்து கிடந்தன. உதிர்ந்த ஒலிவக் காய்கள் காலடியில் நசுங்கி வழுக்கின. கம்பியைப் பிடித்தபடி பாதி ஓட்டமும் பாதி சறுக்கலுமாக இறங்கினாள். வாய் தன்பாட்டுக்கு, "போடாதீங்க, போடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அந்த வயசாளி தன்னை நம்பித்தானே கண்ணை மூடிக்கொண்டு மாத்திரையை விழுங்குகிறார் என்று நினைத்தபோது இரண்டிரண்டு படியாகத் தாவினாள்.

கண்ணாடி அறையை நெருங்கியபோது உள்ளே உபால்தோ பெட்டியின் மேல் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அடைபட்ட மனுஷன் போலவே இல்லை. முகமெல்லாம் வெற்றிக் களை. எதிரே நின்ற நெட்டையான இரண்டு ஒல்லாந்துக்காரர்களுக்கும் கையை ஆட்டி ஆட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். என்ன விளக்கம் என்பதைக் கேட்காமலே சொல்லிவிடலாம்: தன் பஸ் ஒரு நாளும் இப்படி நின்றதில்லை என்பதுதான். அவர்களுக்கு ஒரு சொல்லும் புரியாவிட்டாலும் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

நீவெஸ் கண்ணாடியை உள்ளங்கையால் படபடவென்று தட்டினாள்.

"உபால்தோ ஐயா! மாத்திரையைப் போடாதீங்க!"

தடித்த கண்ணாடி. உபால்தோ திரும்பினார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. தன்னைத் தேடிக்கொண்டு மருந்துக்கடை டாக்டரம்மாவே இறங்கி வந்திருக்கிறாள் என்றால் சும்மாவா? தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னார்.

அந்தக் கணத்தில்தான் மேலே கோயில் மணி அடிக்கத் தொடங்கியது.

உபால்தோ ஒரு விரலை உயர்த்தி, 'கேட்டீர்களா, நேரம் ஆயிற்று' என்பதுபோல் காட்டினார். கோட்டுப் பையிலிருந்து நீல டப்பாவை எடுத்தார். மதிய வேளைக்கான அறையைத் திறந்து இரண்டு மாத்திரையைக் கையில் கொட்டினார். 'பாருங்கள் டாக்டரம்மா, நீங்கள் சொன்னபடி வேளை தவறாமல் போடுகிறேன்' என்று பெருமையாக அவளிடம் தூக்கிக் காட்டி, ஒன்றை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டார்.

நீவெஸ் அலறினாள். கையைக் குறுக்கும் நெடுக்கும் ஆட்டினாள். அவர் அதை வழியனுப்பும் கையசைப்பு என்று எடுத்துக்கொண்டு தாமும் கையசைத்தார். தண்ணீர்ப் போத்தலை எடுத்தார். மூட்டுவாதம் பிடித்த விரலுக்கு மூடி அசையவில்லை. ஒல்லாந்துக்காரப் பெண் உதவிக்குக் கை நீட்டி, போத்தலை வாங்கித் திருக ஆரம்பித்தாள்.

கத்திப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் நீவெஸ் செய்ததை அவள் யோசித்துச் செய்யவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்கவே மாட்டாள். கண்ணாடிக்கு நேரே, எல்லோருக்கும் தெரியும்படி நின்றாள். இல்லாத மாத்திரை ஒன்றை விரலால் எடுத்து வாயில் போடுவதுபோல் காட்டினாள். இல்லாத தண்ணீரைக் குடித்தாள். தொண்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கண்ணை மேலே செருகி, நாக்கைத் தொங்கவிட்டு, காலை இரண்டு தடவை உதறி, ஈரப் படியின் மேல் பொத்தென்று மல்லாந்து விழுந்தாள். விழுந்தவள் ஒரு முறை துள்ளினாள், பிறகு அசையாமல் செத்துக் கிடந்தாள்.

மேலே கைப்பிடிச் சுவரில் ஊர் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது.

உபால்தோவுக்கு அர்த்தம் புரியவில்லை. ஆனால் புன்னகைக்கே வழியில்லாத டாக்டரம்மா நடுச்சரிவில் செத்து விழுந்த காட்சி அவருக்கு அடக்க முடியாத சிரிப்பைக் கொண்டுவந்தது. குபீரென்று சிரித்தார். சிரித்த வேகத்தில் நாக்கில் இருந்த மாத்திரை தெறித்துக் கண்ணாடியில் பட்டுக் கீழே விழுந்தது.

புரிந்துகொண்டவள் ஒல்லாந்துக்காரி. படியில் கிடந்தவளைப் பார்த்தாள், நீல டப்பாவைப் பார்த்தாள். தண்ணீர்ப் போத்தலைப் புருஷனிடம் தள்ளிவிட்டு, உபால்தோவின் கையிலிருந்த டப்பாவைப் பிடுங்கி, தன் நெட்டைக் கையால் கூரைவரை தூக்கிப் பிடித்துக்கொண்டாள். உபால்தோ எழுந்து அவளோடு சண்டைக்குப் போனார். டப்பா அவருக்கு எட்டவில்லை.

நீவெஸ் ஒரு கண்ணைத் திறந்து இதைப் பார்த்தாள். எழுந்து உட்கார்ந்தாள். அந்த ஒல்லாந்துக்காரியைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள்.

எங்கிருந்தோ 'க்ளுக்' என்று ஒரு சத்தம். கண்ணாடி அறை லேசாகக் குலுங்கி, ஒன்றுமே நடக்காததுபோல் கீழே வழுக்கிக்கொண்டு போனது. நீவெஸும் கூடவே படிகளில் இறங்கி ஓடினாள்.

கீழ்வாசலில் கதவு திறந்ததும் முதலில் அவள்தான் உள்ளே பாய்ந்தாள். யாரிடமும் எதுவும் சொல்லாமல் மண்டியிட்டுத் தரையைத் தடவினாள். உபால்தோவின் செருப்போரம் ஒரு மாத்திரை கிடந்தது. "இன்னொண்ணு? இன்னொண்ணு எங்க?" என்றாள். உபால்தோ மூடியிருந்த கையை விரித்தார். உள்ளங்கை வியர்வையில் ஒட்டிக்கொண்டு மற்றது இருந்தது.

நீவெஸ் அதையும் எடுத்துக் கைக்குள் இறுக மூடிக்கொண்டாள். லிஃப்டின் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது, அதை அடக்க முயன்றபோது சிரிப்பும் வந்தது. இரண்டும் கலந்து விக்கல் மாதிரி ஏதோ வெளிப்பட்டது. ஒல்லாந்துக்காரன் பயந்துபோய்த் தண்ணீரைத் திறந்து நீட்டினான். குடித்தாள்.

"என்னம்மா இது? எனக்கு ஒண்ணும் வெளங்கலையே" என்றார் உபால்தோ.

"டப்பா மாறிப்போச்சு ஐயா. அது எர்மெலிந்தா அக்காவோட சர்க்கரை மாத்திரை. நீங்க அதை முழுங்கியிருந்தா ரயில்லயே மயங்கி விழுந்திருப்பீங்க. அப்புறம்... தப்பு என்னோடது. சீட்டை நான்தான் மாத்தி ஒட்டினேன். வேற யார் மேலயும் இல்ல."

உபால்தோ பெட்டிமேல் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். நீவெஸ் தலை குனிந்து காத்திருந்தாள். திட்டட்டும், ஊரைக் கூட்டட்டும், நகராட்சியில் போய்ச் சொல்லட்டும். அவர் உயிரோடு உட்கார்ந்து திட்டினால் அதுவே போதும் என்று இருந்தது.

"ரயில் ஏறியிருந்தா..." என்றார் அவர் மெதுவாக.

"ஏறியிருந்தா என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. நல்லவேளை, லிஃப்ட் நின்னுச்சு. அதுதான் உங்களைக் காப்பாத்துச்சு."

அவ்வளவுதான். உபால்தோவுக்கு எங்கிருந்தோ வேகம் வந்துவிட்டது.

"எது? இந்தக் கண்ணாடிப் பொட்டியா? என்னையா? இந்த ஓட்டைப் பொட்டி என்னைக் காப்பாத்துச்சுன்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு வந்துச்சுன்னா நான் உசுரோட இருந்து என்ன பிரயோஜனம்? அது வழக்கம்போல மக்கர் பண்ணுச்சு, அவ்வளவுதான். காப்பாத்துனது நீங்க. கம்பி ஏறிக் குதிச்சு, கோட்டைக் கிழிச்சுக்கிட்டு, விழுந்து செத்துக் காட்டி... நீங்கதான் காப்பாத்துனீங்க!"

"ஐயா, தப்பைப் பண்ணினதே நான்..."

"அதை நீங்க சொல்லிக்குங்க. நான் சொல்றதை நான் சொல்லுவேன். லிஃப்டுக்கு மட்டும் அந்தப் பேரைக் கொடுக்க மாட்டேன்."

நிலையத்து மேடைப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். அடுத்த ரயிலுக்கு நேரம் இருந்தது. நீவெஸ் லுச்சில்லாவை மறுபடி அழைத்தாள்; இந்தத் தடவை எடுத்தாள். நீவெஸ் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.  

"அப்பா எதையும் முழுங்கல, இல்லையா? நிச்சயமா?" என்றாள் லுச்சில்லா.

"நிச்சயமா. ரெண்டையும் நான் கையில வச்சிருக்கேன்."

"பக்கத்துல யாரோ கத்துற மாதிரி கேக்குதே?"

"அப்பாதான். லிஃப்டைத் திட்டிக்கிட்டிருக்காரு."

லுச்சில்லா நீளமாக மூச்சு விட்டாள். "அப்போ நல்லாத்தான் இருக்காரு. நான் உங்கமேல அப்புறமா கோபப்பட்டுக்குறேன் டாக்டரம்மா. இப்போ முடியல. முதல்ல அவரைச் சாப்பிட வைங்க."

உபால்தோ பெட்டியைத் திறந்து, காகிதத்தில் சுற்றிய பன்றிக்கறி ரொட்டியை எடுத்தார். சரிபாதியாகப் பிய்த்து ஒரு துண்டை நீவெஸிடம் நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தவள், அப்படியே கடித்துவிட்டாள். பெருஞ்சீரகமும் மிளகும் போட்டு வாட்டிய கறி. அந்த ஊருக்கு வந்து இரண்டு வருஷத்தில் அவ்வளவு ருசியாக எதையும் தின்ற ஞாபகம் இல்லை.

"பேச்சுக்குக் கேக்குறேன். செத்து விழுந்தீங்களே, அதை எங்க கத்துக்கிட்டீங்க?" என்றார் உபால்தோ, மென்றுகொண்டே.

"கத்துக்கல. தானா வந்துச்சு."

"அந்தக் கடைசித் துள்ளல் இருக்கே... பிரமாதம்."

கண்ணாடி அறை மறுபடி ஒரு முறை மேலே போய்க் கீழே வந்தது. தொனாத்தோவும் எர்மெலிந்தாவும் இறங்கினார்கள். எர்மெலிந்தா உபால்தோவின் சரியான டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்தாள்.

"உசுரோட இருக்கியா கிழவா?"

"உன் மாத்திரை ருசியே சரியில்ல. துப்பிட்டேன்."

"இனிமே என் மாத்திரை மேல கை வச்ச, பல்லைப் பேத்துடுவேன்" என்று சொல்லிவிட்டு, அவர் கன்னத்தில் சத்தமாக ஒரு முத்தம் வைத்தாள்.

நீவெஸ் டப்பாவை வாங்கி ஒவ்வோர் அறையாகத் திறந்து பார்த்தாள். ஒரு முறை பார்த்து, மறுபடியும் பார்த்து, மதிய மாத்திரையைத் தன் கையால் எடுத்துக் கொடுத்தாள். உபால்தோ போட்டுக்கொண்டார். அதற்கப்புறம்தான் அவளுக்கு நினைவு வந்தது.

"அக்கா, கடையில யாரு இருக்கா?"

"பூட்டிட்டேன். சும்மா பூட்டினா ஜனங்க கதவை இடிப்பாங்களேன்னு, உங்க மேசை இழுப்பறையில ஒரு அட்டை இருந்துச்சு, அதை மாட்டிட்டு வந்தேன்."

"எந்த அட்டை?"

"கண்ணாடி இல்லாம எனக்கு என்ன தெரியும்? கறுப்புக் கரை போட்டது."

கறுப்புக் கரை போட்ட அட்டை அங்கே ஒன்றுதான்: 'துக்கம் காரணமாகக் கடை மூடப்பட்டுள்ளது' என்று எழுதியது. தொனாத்தோ தலையில் கை வைத்துக்கொண்டான். "அதான் வரும்போது காப்பிக் கடைக்காரர் தொப்பியைக் கழட்டிட்டு நின்னாரா!"

இந்தத் தடவை நீவெஸ் அடக்கவில்லை. பெஞ்சில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எர்மெலிந்தா அவளை ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு, தானும் சேர்ந்துகொண்டாள்.

ரயில் வந்தது. தொனாத்தோ பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தான். உபால்தோ ஜன்னலோரம் உட்கார்ந்து தொப்பியை ஆட்டினார். ரயில் கண்ணுக்கு மறையும்வரை நீவெஸ் மேடையிலேயே நின்றாள். 

மேலே கடை வாசலில் பத்துப் பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். யார் செத்தது என்பதில் அவர்களுக்குள் வாக்குவாதம். நீவெஸ் அட்டையைக் கழற்றினாள், கதவைத் திறந்தாள். சேறும் கிழிசலுமாக நின்ற கோலத்திலேயே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "யாரும் சாகல. உபால்தோ ஐயாவுக்கு நான் மருந்து மாத்திக் கொடுத்துட்டேன். அவர் சாப்பிடல, நல்லா இருக்காரு. இனிமே ஒவ்வொரு டப்பாவையும் உங்க முன்னாடியே நிரப்பி, உங்க முன்னாடியே பேர் எழுதுறேன். டாக்டர்கிட்டயும் நகராட்சியிலயும் நானே போய்ச் சொல்லப்போறேன்."

 பின்னால் நின்ற ரொட்டிக்கடைக்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேசைக்கு வந்தாள்.

"எனக்கு இருமல் மருந்து வேணும். பேரை உரக்கப் படிச்சிட்டுக் கொடுங்க."

நீவெஸ் உரக்கப் படித்தாள். ரொட்டிக்கடைக்காரி போத்தலை வாங்கி, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தானும் ஒரு முறை எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. தலையை ஆட்டிவிட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். அடுத்தவர் சீட்டை நீட்டினார்.